நான்தான் என்று சொல்ல மூன்று பேர்

என் பழைய செல்போன் போனதற்குக் காரணம் ஒரு சுரைப்பூ. சுரைக்கொடி சாயங்காலம்தான் பூக்கும். எங்கள் மொட்டைமாடிப் பந்தலில் அன்றைக்குத்தான் முதல் பெண் பூ விரிந்திருந்தது, அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சோடு. அதைப் படமெடுத்து உடனே எங்கள் இணையத் தோட்டக் குழுவில் போட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. தண்ணீர் டிரம்மின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி எக்கினேன். பூ கைக்கு எட்டியது, போன் கையை விட்டுப் போனது. விளக்கு எரிந்தபடியே அது டிரம்முக்குள் மெதுவாக இறங்கியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிசி டப்பாவில் புதைத்து வைத்துப் பார்த்தும் அது கண் திறக்கவில்லை. மறுநாளே புதுப் போன் வாங்கியாகிவிட்டது. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று கேட்பதும், அவர்கள் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்வதும் என் வேலை. வீட்டுக்கு வந்தால் மாடித்தோட்டம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சமூக வலைத்தளத்தில் தோட்டக்காரர்களுக்காக ஒரு குழுவை விளையாட்டுப்போல் தொடங்கினேன். முதலில் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். அப்புறம் பழநிப் பக்கம், வத்தலக்குண்டுப் பக்கம், ஒட்டன்சத்திரம் என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். பூச்சி வந்த இலையைப் படமெடுத்துப் போடுவார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். விதைகளைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். எங்கள் தெருவையும் உறவையும் தவிர யாருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் ஒருநாள் நேரில் கூடி விதை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஊருக்குள் ஒரு சின்ன மண்டபமும் பேசி வைத்திருந்தோம். போன் மூழ்கிய அன்று மத்தியானம்தான் மண்டபத்துக்காரர் கடைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"தப்பா எழுதிட்டேம்மா. அன்னிக்குக் காதுகுத்து ஒண்ணு இருக்கு. அவங்க போன மாசமே சொல்லி வச்சது."

நல்லவேளையாக, ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், "எங்க தோப்புக்கு வாங்க, நெழலுக்கு நெழலு, எளநிக்கு எளநி" என்றார். இந்த மாற்றத்தைக் குழுவில் அறிவித்துவிட்டால் போதும். பூவோடு சேர்த்து அன்று சாயங்காலமே போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

புதுப் போனில் அந்தத் தளத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. பழைய போனில் எப்போதும் அதுவாகவே திறந்துகொள்ளும் என்பதால் அந்தச் சொல் என் நினைவிலேயே இல்லை. வாயில் வந்த செடி கொடிகளின் பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தேன். கணக்கைப் பூட்டிவிட்டது. செல்போன் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த எண் என்று பார்த்தால், எப்போதோ நான் விட்டொழித்த எண். கடைசியில் திரையில் தமிழில் ஒரு வாசகம் வந்து நின்றது: "நீங்கள் நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்தவும்."

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நானே கல்யாணம் ஆன நாள்லேருந்து இதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதலில் அது ஒரு பரீட்சை வைத்தது. என் நண்பர்கள் பகிர்ந்த படங்களைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டது. கீழே சில பெயர்கள். உண்மையான நானாக இருந்தால் நண்பர்களை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. முதல் படத்தில் ராஜ அலங்காரத்தில் முருகன். எங்கள் குழுவில் பாதிப்பேர் கிருத்திகைதோறும் அதே முருகனைத்தான் போடுவார்கள், யாரென்று சொல்ல? அடுத்தது துணியில் சுற்றிய பச்சைக்குழந்தை. பிறந்த குழந்தை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். அதற்கடுத்து ஒரு கத்திரிச்செடி. அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். செடியை வைத்து அல்ல, அது நின்ற உடைந்த பெயிண்ட் வாளியை வைத்து. அந்த வாளியை எனக்கு எத்தனையோ நாளாகத் தெரியும். அதன் பிறகு மீசை வைத்த ஒரு மனிதரின் முகம். சத்தியமாக அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. பிறகுதான் தெரிந்தது, தினமும் என்னோடு புடலங்காய் பற்றிச் சண்டை போடும் மனிதர் அவர்தான்.

தோற்றுப்போனேன்.

சரி, புதிதாக ஒரு கணக்கே தொடங்கிவிடலாம் என்று தொடங்கினேன். என் பெயர், என் படம். என் குழுவில் சேர விண்ணப்பித்தேன். "நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கவும்" என்றது. நிர்வாகி நான்தான். என் விண்ணப்பம் என் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தது. அனுமதி கொடுக்க வேண்டியவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கணக்கிலிருந்து உறுப்பினர்கள் சிலருக்குத் தனித்தனியாக எழுதினேன். மண்டபம் இல்லை, தோப்புக்கு வாருங்கள் என்று. எழுதிய கொஞ்ச நேரத்தில் நாத்தனார் எனக்குப் போன் செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் குழுவில் இருக்கிறாள்.

"அண்ணி, உங்க பேர்ல ஒரு திருட்டுக் கணக்கு சுத்துதுங்க. குழுவே கொதிச்சுப்போய்க் கெடக்குது. யாரும் மண்டபத்துக்குப் போக வேண்டாம், எங்கியோ தோப்புக்குள்ள வாங்கன்னு எழுதுதாமாங்க. ஆளக் கூட்டிட்டுப் போயி நகையப் புடுங்கற கும்பலா இருக்கும்னு பேசிக்கறாங்க. நானும் புகார் குடுத்துட்டேனுங்க."

"அது நான்தான்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் புகார்கள் குவிந்து புதுக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். ஒரே நாளில் அசல் நானும் போனேன், போலி நானும் போனேன். அது அண்ணிதான் என்று நாத்தனார் குழுவில் எழுதிப் பார்த்தாள், அவள் கணக்கையும் திருடிவிட்டார்கள் என்று சொல்லி யாரும் நம்பவில்லை.

நாத்தனார்தான் வழியும் சொன்னாள். "நம்பிக்கையான நண்பர்கள்னு மூணு பேரக் குறிச்சு வெச்சிருந்தீங்கல்லங்க? என்னையக்கூடப் போட்டிருக்கறதா அன்னிக்குச் சொன்னீங்க. அத அமுக்கிப் பாருங்க."

ஆமாம், ஒரு காலத்தில் அந்தத் தளம் கேட்டதற்காக மூன்று பேரைப் போட்டு வைத்தது நினைவுக்கு வந்தது. கணக்குத் தொலைந்தால் அந்த மூவருக்கும் ஆளுக்கொரு குறியீடு போகும். அவர்கள் அது நான்தான் என்று தெரிந்துகொண்டு எனக்குச் சொல்ல வேண்டும். மூன்றையும் சேர்த்து அடித்தால் பூட்டுத் திறக்கும். அமுக்கினேன். மூன்று பெயர்கள் வந்தன. நாத்தனார். பக்கத்து வீட்டுத் தங்கச்சி. சேவுகம்பட்டி அக்கா.

நாத்தனார் குறியீட்டை உடனே சொல்லிவிட்டாள். சொல்வதற்கு முன்னால், "எதுக்கும் ஒண்ணு கேட்டுக்கறனுங்க. எங்க கிரகப்பிரவேசத்துக்கு நீங்க வாங்கிட்டு வந்த குத்துவெளக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். பேருந்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். "எங்க அண்ணியேதான்" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியும், தெருவே பாய் என்று கூப்பிடும் அவள் கணவரும் விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர்கள். சுவருக்கு இந்தப்புறம் நான் தும்மினால் அந்தப்புறம் அவள் "என்னக்கா, சளியா?" என்பாள். நேரே போய் நின்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரோடு போனை எடுத்து, குறியீட்டைத் திறந்துவிட்டாள். வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, இந்த மாதிரி நம்பரு யாருக்கும் சொல்லக்கூடாதுல்ல? தெனமும் போன்ல சொல்லிக்கிட்டே இருக்காங்களே."

"நான்தானே கேக்குறேன்."

"நீங்கதான் கேக்குறீங்க. ஆனா யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னுதானே சொல்றாங்க?" என்று உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

பிரியாணித் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்த பாய் கையைத் துடைத்தபடி வந்து என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நீதிபதிபோல யோசித்தார். "சொல்லக்கூடாது. அது சட்டம். ஆனா நீ ஒண்ணு பண்ணு. அவங்க போன வாங்கி நீயே அமுக்கிவுட்ரு. சொன்ன மாதிரியும் இருக்காது, குடுத்த மாதிரியும் ஆகும்."

வெங்காயக் கையோடு அவளே அமுக்கினாள். புதுப் போன் இரண்டு நாளைக்கு மணத்தது.

மிச்சம் சேவுகம்பட்டி அக்கா.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழுவிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான். ஆனால் நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, போன் எண் கிடையாது. அவர் கணக்குக்குப் பெயரே ஒரு செடியின் பெயர்தான். முகப்புப் படம் ஆரஞ்சு நிற அடுக்குச் செம்பருத்தி. ஊர் சேவுகம்பட்டி, மல்லிகைத் தோட்டம் இருக்கிறது என்பது மட்டும் பேச்சில் தெரியும். நாலு வருசமாக இன்பாக்ஸில் பேசாத நாளில்லை. செடியில் தொடங்கும் பேச்சு வீட்டுக் கதையில் போய் முடியும். காலையில் எழுதினால் நிதானமாக, அளந்து எழுதுவார். மத்தியானம் எழுதினால் ஒரே கேலியும் சிரிப்பும். ஒருநாள், "மாமியார் நான் வச்ச குழம்பத் தொடக்கூட இல்ல" என்பார். இன்னொரு நாள், "மருமக முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறா" என்பார். நான் மனதுக்குள் ஒரு உருவம் வைத்திருந்தேன். ஐம்பது வயது. மேலே மாமியார், கீழே மருமகள், நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷி. பாவம் என்று இரண்டு பக்கமும் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். கணக்கைக் காப்பாற்ற மூன்று பேர் வேண்டுமென்று தளம் கேட்டபோது, யோசிக்காமல் போட்ட பெயர் அவருடையது.

நாத்தனாரை விட்டு எழுதச் சொல்லியும் அக்காவிடமிருந்து பதில் வராததால், வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துச் சேவுகம்பட்டியில் இறங்கி, நிறுத்தத்திலேயே இருந்த டீக்கடையில் விசாரித்தேன்.

"யாரு வீட்டுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு அக்கா வீட்டுக்கு. செம்பருத்தி நெறைய வச்சிருப்பாங்க. மல்லித் தோட்டமும் இருக்கு."

"பேரு?"

"பேரு தெரியாதுண்ணே."

"வீட்டுக்காரரு பேரு?"

"அதுவும் தெரியாது."

"எம்புட்டு நாளாப் பழக்கம்?"

"நாலு வருசமா."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் பேப்பரைத் தாழ்த்தினார்கள். நான் நடந்த கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. பூட்டு, குறியீடு, அதை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றதும் பெஞ்சிலிருந்த ஒருவர், "இந்த மாதிரித்தானப்பா எங்க சகலைக்கிட்டயும் நம்பர் கேட்டாய்ங்க" என்றார். நிலைமை கெட்டுக்கொண்டிருந்தது.

"திண்டுக்கல்லுல எங்க இருக்கீக?" என்றார் கடைக்காரர். கடை இருக்கும் இடத்தைச் சொன்னேன். அவர் போனை எடுத்தார். "செத்த நேரம் இருங்க. எங்க மச்சான் அங்கதான் பூ மார்க்கெட்ல இருக்காரு."

மச்சான் ஒலிபெருக்கியில் வந்தார். கடைக்காரர் விஷயத்தைச் சொன்னதும், "கண்ணாடிக் கடையா? நல்லா உயரமா, சத்தமாப் பேசுமே, அந்த அம்மாவா? போன அவங்ககிட்டக் குடு, பேசச் சொல்லு" என்றார்.

"அண்ணே, வணக்கம்ணே" என்றேன்.

"அந்த அம்மாதாண்டா!" என்று அலறினார் மச்சான். "ஏலே, அவங்களத் தெரியாதா? போன தீவாளிக்கு எனக்குக் கண்ணாடி போட்டது அவங்கதான். கறுப்புச் சட்டம் வேணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். ஒங்க மூக்குக்கு அது ஆகாதுண்ணேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு. டீயப் போட்டுக் குடு."

டீ வந்தது. பேப்பர் படித்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். செம்பருத்தி வீட்டுக்கு வழியும் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பச்சைக் கேட்டு.

கேட்டைத் தாண்டிச் சுற்றுச்சுவர் நெடுகச் செம்பருத்தி. நான் படத்தில் பார்த்த ஆரஞ்சு அடுக்கு வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்ததும் அக்காவையே பார்த்த மாதிரி மனசு பொங்கியது. கதவைத் தட்டினேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, நைட்டி மேல் துண்டைப் போட்டபடி வந்தாள். மருமகள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அக்கா இருக்காங்களா?"

"எந்த அக்கா?"

"செம்பருத்தி அக்கா. அம்பது வயசிருக்கும். ஒங்க மாமியாரு. அவங்களுக்கும் மாமியாரு இருக்காங்கள்ல, அந்தப் பெரியம்மா நல்லாருக்காங்களா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வீட்ல நானு, எங்க அத்தை, எங்க வீட்டுக்காரரு. வேற ஆளு இல்லியே. எங்க அத்தையோட மாமியாரு செத்து எம்புட்டோ வருசமாச்சு. நீங்க யாரு?"

ஊரே என்னைப் போலி என்று சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது. நாலு வருசமாக நான் பேசிக்கொண்டிருந்த அக்காதான் போலியா?

நான் யார் என்று சொன்னேன். சொன்னதும் அவள் சட்டென்று கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "நீங்கதானா அது? தோப்புக்கு வாங்கன்னு எழுதுனது? நாந்தான் முதல்ல புகார் குடுத்தேன். எங்க அட்மின் அக்காவ எனக்குத் தெரியும். அவங்க இப்பிடியெல்லாம் எழுத மாட்டாங்க."

"நாந்தாம்மா ஒங்க அட்மின் அக்கா."

"அப்பிடின்னா சொல்லுங்க. எங்க செம்பருத்தியில மாவுப்பூச்சி வந்தப்ப என்ன சொன்னீங்க?"

"வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்."

"அது குழுவுல எல்லாருக்கும் சொல்றது. எனக்கு மட்டும் சொன்னது ஏதாச்சும் சொல்லுங்க."

எனக்கு மட்டும் என்று அவள் சொன்னதுதான் என் மண்டையைக் குழப்பியது. நான் பேசியது ஐம்பது வயது அக்காவிடம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் எதைச் சொன்னேன்? விழித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டுப் பக்கம் சத்தம். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு தோட்டத்திலிருந்து வந்தார்.

"யாரு இது?"

"நாந்தான் அட்மின்னு சொல்றாங்கத்தை."

அந்த அம்மாள் களைக்கொத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். அந்த நிதானம் எனக்குத் தெரிந்த நிதானமாக இருந்தது. காலை நேரத்துக் கடிதங்களின் நிதானம். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஒருநாள் அக்கா எனக்கு எழுதியிருந்தாங்க. இந்த வீட்ல நான் சாப்பிட்டேனா இல்லையான்னு கேக்க நாதியில்லன்னு. நான் பதில் எழுதினேன், அடுத்தவங்க கேக்கணும்னு ஏன் உக்காந்திருக்கீங்க, முதல்ல நீங்க போய்ச் சாப்டியான்னு கேளுங்க, அப்புறம் பாருங்கன்னு."

மருமகள் பாதி சாத்தியிருந்த கதவை முழுதாகத் திறந்தாள்.

"அது நான் எழுதுனது."

"அந்தப் பதில மறுநா காலையில படிச்சது நானு" என்றார் மாமியார். "எனக்குத்தான் எழுதியிருக்காகன்னு நெனச்சு, அடுப்படிக்குப் போயி இவளச் சாப்டியான்னு கேட்டேன்."

"நான் அந்தப் பதிலப் பாக்குறதுக்குள்ள இவங்க வந்து கேட்டுட்டாங்க" என்றாள் மருமகள். "அன்னிக்கு நான் அழுதுட்டேன்."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயது அக்கா என்று யாருமில்லை. வீட்டில் ஒரே போன். அதில் ஒரே கணக்கு. காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் மாமியார் எழுதுவார். மத்தியானம் வேலை முடிந்ததும் மருமகள் எழுதுவாள். முந்தின நாள் மற்றவள் என்ன எழுதினாள் என்று இருவருமே படித்துவிடுவார்கள்.

"எனக்குத் தெரியும், இவ படிப்பான்னு" என்றார் மாமியார். "தெரிஞ்சுதான் எழுதுறது. நேர்ல சொன்னா சண்டை வரும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் மருமகள். "இவங்களுக்குக் குழம்புல புளி தூக்கலா இருந்தா ஆகாதுன்னு இவங்க ஒங்களுக்கு எழுதுனதப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கு ஒருத்தியாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கதான் யாருன்னு கேக்கவே இல்லியே" என்றார் மாமியார். அதுவும் உண்மைதான்.

ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். மாமியார் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "எதுக்கு? அப்புறம் இவ மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மருமகள் போனை எடுத்து வந்தாள். "நேத்துலேருந்து, ஒங்க நண்பருக்கு உதவுங்கன்னு வந்துக்கிட்டே இருக்கு. திருட்டுப் பயலுக வேலைன்னு நாங்க தொடவேயில்ல." இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து குறியீட்டைத் திறந்தார்கள். ஒரு எண்ணை மருமகள் சொல்ல, அடுத்த எண்ணை மாமியார் சொல்ல, நான் அடித்தேன். பூட்டுத் திறந்தது. நாலு நாளாகக் குவிந்து கிடந்த இலைகளும் காய்களும் பூச்சிகளும் என் திரையில் கொட்டின.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்று இலை போட்டார்கள். சாதம், கீரைக் குழம்பு, கத்திரிக்காய் வெஞ்சனம். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இடம் மாறிய அறிவிப்பைக் குழுவில் போட்டேன். போட்ட வேகத்திலேயே கீழே ஒருவர் எழுதினார், புடலங்காய்க்காரர்தான்: "இது அசல் அட்மின்தானா, இல்ல கணக்கையும் திருடிட்டாங்களா?"

நான் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மாமியார் மருமகளைப் பார்த்து, "நான் சொல்றத எழுது" என்றார். செம்பருத்திக் கணக்கிலிருந்து பதில் போனது: "அசல்தான். எங்க வீட்ல ஒக்காந்து கத்திரிக்கா தின்னுக்கிட்டிருக்காக. ரெண்டாவது தடவ சோறு வாங்கியாச்சு." கூடவே மருமகள் நான் வாய் நிறையச் சோற்றோடு இருக்கும் படம் ஒன்றையும் சேர்த்துவிட்டாள். அதைப் பார்த்து நெய்க்காரப்பட்டி நாத்தனார், "எங்க அண்ணிதானுங்க, சாப்புடறதப் பாத்தாலே தெரியுது" என்று எழுதினாள். அவளுக்குக் கீழே பக்கத்து வீட்டுத் தங்கச்சி. அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நல்ல கூட்டம். வந்தவர்கள் பெயரைச் சொல்லவில்லை. "நான் பெயிண்ட் வாளிக் கத்திரி", "நான் நீலச் சங்குப்பூ" என்று சொல்லிக்கொண்டார்கள். உடனே மற்றவர்கள் "அட, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அறிவிப்பைப் பார்க்காத ஒரு தம்பதி மட்டும் மண்டபத்துக்குப் போய், காதுகுத்து வீட்டாரால் வரவேற்கப்பட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, வெண்டை விதைப் பொட்டலம் ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இங்கே பாய் வீட்டுப் பிரியாணியைப் பார்த்ததும், அவசரப்பட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்கள்.

சேவுகம்பட்டியிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள். யார் செம்பருத்தி என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றார்கள். சாயங்காலம் பேருந்துக்குப் போகுமுன் என் மாடித்தோட்டத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமியார் ஒவ்வொரு தொட்டியிலும் விரலைக் குத்திப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணி ஊத்துனா வேரு மூச்சுவிட வேணாமா?" என்று கடிந்துகொண்டே போனார். மருமகள் பாகற்கொடியைப் படமெடுத்தாள். குழுவில் போடுவதற்கு மேலே என்ன எழுதுவது என்று இருவருக்கும் தகராறு. ஒருத்தி "நல்லாருக்கு" என்று போடச் சொன்னாள், இன்னொருவர் "தண்ணி ஜாஸ்தி" என்று போடச் சொன்னார். முடிவாகாமல் போனை என் கையில் திணித்தார்கள்.

"நீங்களே எழுதுங்க" என்றார்கள்.

யார் கணக்கிலிருந்து யார் தோட்டத்தைப் பற்றி யார் எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கீழேயிருந்து என் வீட்டுக்காரர் காபி ஆறுகிறது என்று கத்தினார். இரண்டையும் சேர்த்தே அடித்துப் போட்டுவிட்டு நாங்கள் மூவரும் படியிறங்கினோம்.